கையில் இருந்த பொருள்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்றே நின்றுதான் மேலே செல்வர். பொற்கொல்லன் வந்து பொய்யுரைக்கிறான். கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்தில் இருக்கும் பாண்டியன் காவலரை அழைக்கிறான். கள்வன் கையில் அச்சிலம்பு இருக்குமானால் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருமாறு ஆணையிடுகிறான். அவ்வாணையில் அடங்கிய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: பொருள் அவன் கையில் இருக்கிறதா, இல்லையா? அவன் யார், எவ்வூரினன், அப்பொருள் அவன் கைக்கு வந்த வழி யாது, எக்கருத்தோடு அதனை வைத்திருந்தான் என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று காவலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் முடிவதற்குள், கல்வியறிவற்ற குடிவெறியன் ஒருவனின் வாள் பாய்ந்துவிடுகிறது. விசாரணை அதற்குப் பின்னரே நடைபெறுகிறது. மாணிக்கப் பரலா, முத்துப் பரலா என்று அரசவை ஆராயும் வேளையில் வழக்குக்கு உரியவன் உயிரோடு இல்லை.

இதனைக் குற்றமற்றவன் கொல்லப்பட்ட கதையாகவே நாம் பெரும்பாலும் கற்பித்து வருகிறோம். கண்ணகியின் சீற்றமும் பாண்டியனின் வீழ்ச்சியும் அவ்வாறு கற்பித்தற்குத் துணை நிற்கின்றன. ஆனால் மாணவரிடம் இன்னொரு வினாவையும் எழுப்பிப் பார்க்கலாம். கோவலன் உண்மையிலேயே அச்சிலம்பைத் திருடியிருந்தால், மன்னனின் ஆணை நீதியாகியிருக்குமா? வகுப்பு உடனே இரண்டாகப் பிரியும். திருடியவன் தண்டனை பெற்றான் என்பர் ஒரு சாரார். ஓர் அணிகலனுக்கு ஓர் உயிரா என்பர் மற்றொரு சாரார். இருவரும் பேசாத ஒன்று உண்டு. திருடனே ஆயினும் அவனிடம் எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லையே, அது நீதியா என்பதே அது. குற்றமற்றவனுக்காக இரங்குதல் எளிது. பொருள் மெய்யாகவே கையில் இருந்தவனை என் செய்வது என்பதில்தான் நீதி உரைத்துப் பார்க்கப்படுகிறது.

நம் காலத்தில் இவ்வினா சிலம்பைப் பற்றி எழுவதில்லை. துப்பாக்கியைப் பற்றி எழுகிறது. சிலம்பு எவரையும் கொல்லாது, துப்பாக்கி கொல்லும். ஆகவே கையில் வைத்திருத்தலையே குற்றமாக்கும் சட்டம் சிலம்பின் வகையில் கொடுமையாகவும் துப்பாக்கியின் வகையில் விவேகமாகவும் தோன்றக்கூடும். இவ்வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. நாட்டில் எவர் எவரிடம் படைக்கலம் உள்ளது என்பதை அரசு அறிந்திருக்கவும் கட்டுப்படுத்தவும் வேண்டும் என்றே கருதுகிறேன். ஆயினும் கட்டுப்படுத்துதல் வேறு. கட்டுப்பாட்டை மீறியவனை ஒரு மனிதனாக எண்ணிப் பாராமலே தீர்த்துவிடுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிய சட்டங்கள் இந்நாட்டில் எழுபத்தைந்து ஆண்டுகள் நடைபெற்றன. அவற்றின் தொடக்கத்தில் நம் தோட்டப்புறங்களும் உள்ளன.

1948 ஜூன் 18ஆம் நாள் மலாயா கூட்டரசு முழுமைக்கும் அவசரகாலம் விரிவுபடுத்தப்பட்டது. அதனை அடுத்து வந்த அவசரகால விதிகளுள் 4ஆம் விதி, உரிய அதிகாரமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வெடிகுண்டோ வைத்திருப்போருக்கு மரண தண்டனை என வகுத்தது. அக்காலத்து நெகிரி செம்பிலான் தோட்டங்களை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். ரந்தாவ், சிலியாவ், லாபு, பாகாவ் வட்டாரங்களில் இரப்பர் மரங்கள் காடு வரை நீண்டிருந்தன. காட்டுக்குள் கொரில்லாக்கள் இருந்தனர். துரை கைத்துப்பாக்கியோடுதான் தோட்டத்தைச் சுற்றி வந்தார். அவர் பங்களாவுக்கும் தொழிற்கூடத்துக்கும் 'ஸ்பெஷல் கான்ஸ்டபிள்' எனப்பட்ட சிறப்புக் காவலர் துப்பாக்கியேந்திக் காவல் நின்றனர். சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. விடியலில் பெரட்டு முடிந்து மரம் வெட்டச் செல்லும் ஆணும் பெண்ணும் வாயிலில் சோதனையிடப்பட்டனர். காட்டிலிருப்போர்க்கு உணவு செல்லலாகாது என்பதற்காகச் சோற்றுப் பொட்டலமும் தடுக்கப்பட்டது. வெறும் வயிற்றோடு சென்று நண்பகலில் திரும்பி உண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர்.

இரவில் வேறு துப்பாக்கி வந்தது. காட்டிலிருந்து இறங்கியோர் அரிசியும் சந்தாவும் கேட்டனர். மறுத்தோரும் காட்டிக்கொடுத்தார் என்று ஐயுறப்பட்டோரும் தப்பவில்லை. பகலில் ஒரு துப்பாக்கிக்கும் இரவில் மற்றொரு துப்பாக்கிக்கும் நடுவே வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளியின் கையில் இருந்தது உளி ஒன்றே. படைக்கலம் ஏந்தும் உரிமையைப் பற்றி எவரேனும் அன்று அவரிடம் பேசியிருந்தால், தமக்குத் துப்பாக்கி வேண்டாம், இரண்டு துப்பாக்கிகளும் தம் வாசலை விட்டு விலகினால் போதும் என்றே கூறியிருப்பார் என எண்ணுகிறேன்.

அந்த 4ஆம் விதி தமிழர் இருவரை வெவ்வேறு வழியில் கொண்டு சென்றது. ஒருவர் எஸ். ஏ. கணபதி. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். 1949 மார்ச்சு முதல் நாள் ரவாங் அருகே ஒரு தோட்டத்தில் ஒரு சுழல்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். அதனைக் கண்டெடுத்ததாகவும் போலீசாரிடம் ஒப்படைக்கச் சென்றதாகவும் அவர் தரப்பில் கூறப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. குற்றம் மெய்ப்பட்டதெனக் கொண்ட பின் நீதிபதி தெரிந்தெடுப்பதற்குத் தண்டனைகள் பல இல்லை, ஒன்றே இருந்தது. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இந்திய அரசு தலையிட்டு வேண்டியும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் தூக்குக்கும் இடையே 64 நாட்கள். அதற்கு முதல் நாள், மே 3இல், அவருடைய தொழிற்சங்கத் தோழர் வீரசேனன் இந்த நெகிரி செம்பிலான் மண்ணில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு நீதிமன்றமே இல்லை.

மற்றவர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில், சீனர் இருவரோடு இருந்தபோது நிகழ்ந்த கைகலப்பில் படுகாயமுற்றுப் பிடிபட்டவர். துப்பாக்கி ஏந்தியதாக ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்ததாக ஒன்று என அவர்மீது இரு குற்றச்சாட்டுகள். அக்காலத்தில் நீதிபதியுடன் அசெசர்கள் எனப்பட்ட இருவர் அமர்ந்து கருத்துரைப்பர். அவ்விருவரும் அவர் குற்றவாளியல்லர் என்றனர். தோட்டாவைப் பொறுத்த மட்டில் நீதிபதியும் உடன்பட்டு விடுவித்தார். துப்பாக்கியைப் பொறுத்த மட்டில் உடன்படாமல் மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். மறுவிசாரணையில், துப்பாக்கியும் தோட்டாவும் தம்மிடம் இருந்ததாக அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்று அவருக்கு எதிராக வைக்கப்பட்டது. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் முன்னரே விடுவிக்கப்பட்டவர் என்பது புதிய அசெசர்களுக்குச் சொல்லப்படவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1950இல் அம்மன்றம் தண்டனையை நீக்கியது. ஒருவனை விடுவித்த தீர்ப்பு பிந்திய விசாரணையையும் கட்டுப்படுத்தும். விடுவித்ததை விடுவிக்காதது போலப் பாவித்து அவனைக் குற்றவாளியாக்க இயலாது என்றது. அன்று வகுத்த அந்த நெறி பல நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டு வருகிறது. ஒரு தமிழரின் பெயர் இவ்வாறு உலகச் சட்ட நூல்களில் ஏறியதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

பிரிவி கவுன்சில் துப்பாக்கி ஏந்துதல் ஓர் உரிமை என்று கூறவில்லை என்பதைக் கருத வேண்டும். தண்டனை மிகை என்றும் கூறவில்லை. சாம்பசிவம் கையில் துப்பாக்கி இருந்ததா என்னும் வினாவில்கூட அது தன் முடிவை நாட்டவில்லை. அவர் முறையாகக் கேட்கப்பட்டாரா என்ற ஒன்றையே ஆராய்ந்தது. ஓர் உயிர் மீள அதுவே போதுமாயிற்று.

வேறொரு நெறியைப் பின்பற்றும் நாடும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் திருத்தம், மக்கள் படைக்கலம் வைத்திருக்கவும் ஏந்தவும் உள்ள உரிமை மீறப்படலாகாது என்கிறது. ஆங்கிலத்தில் அது 27 சொற்களே. அச்சொற்களில் முதற்பாதி ஒழுங்கமைந்த குடிப்படையைப் பற்றிப் பேசுகிறது. பிற்பாதி மக்களின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. முதற்பாதி பிற்பாதியைக் கட்டுப்படுத்துமா என்பதில் அங்குள்ள நீதிபதிகள் நம் உரையாசிரியர்களையும் விஞ்சும் வகையில் வாதிட்டிருக்கின்றனர். 2008இல் ஹெல்லர் வழக்கில், அது தனிமனிதனின் உரிமையே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, வாஷிங்டன் நகரின் கைத்துப்பாக்கித் தடையைச் செல்லாதாக்கியது. 2022இல் புருவன் வழக்கில், பொதுவிடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாநிலத்தின் நூறாண்டு கடந்த சட்டத்தையும் நீக்கியது. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாயினும் அந்நாட்டின் பழைய மரபில் அதற்கு ஒப்புமை இருத்தல் வேண்டும் என்றது. இருந்தும் 2024இல் ரஹிமி வழக்கில் ஓர் எல்லை காணப்பட்டது. குடும்ப வன்முறை காரணமாக நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உட்பட்டவரிடம் துப்பாக்கி இருத்தலாகாது என்னும் சட்டம் செல்லும் எனப்பட்டது.

இவ்வுரிமைக் கருத்து நம் மூதாதையர் நாட்டுக்கும் அயலானதன்று. 1878ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்க வைத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அவ்விழிவின் நினைவாலேயே 1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்டபோது, விதிமுறைகளுக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையையும் அதில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிருணய சபையில் எச். வி. காமத் அதனை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கர் உடன்படவில்லை, சபையும் ஏற்கவில்லை. அதே ஆண்டில்தான் மலாயாவில் 4ஆம் விதி நடைமுறைக்கு வந்தது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஒரு கரையில், படைக்கலம் குடிமகனின் உரிமையாகுமா என்று விவாதம். மறுகரையில், அங்கிருந்து பிழைக்க வந்தவனுக்கு அதே பொருள் தூக்குக் கயிறு.

அவ்வுரிமை நமக்கு வேண்டுமா? வேண்டாம் என்பதே என் துணிபு. எளியவனும் துப்பாக்கி ஏந்தினால் வலியவனுக்கு நிகராவான் என்பது கேட்பதற்கு இனிய வாதம். தோட்ட வரலாறு அதனை மெய்ப்பிக்கவில்லை. 1948க்குப் பின் தோட்டங்களில் துப்பாக்கிகள் பெருகின. அவை அதிகாரம் எங்கிருந்ததோ அங்கேயே போய்ச் சேர்ந்தன. உரிமை எல்லார்க்கும் பொது என்று எழுதப்பட்டிருந்தாலும், வாங்கும் பணமும் உரிமம் பெறும் செல்வாக்கும் லயத்தில் இருந்திருக்கப் போவதில்லை. கூலியுயர்வும் பள்ளிக்கூடமும் குடியுரிமையும் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கத்தாலும் வாக்குச்சீட்டாலும் கிடைத்தனவேயன்றி வேட்டினால் கிடைக்கவில்லை. ஆகவே 1960ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று விதித்ததில் எனக்குக் குறையில்லை. காட்டுப்பன்றி விரட்டுவதற்கும் காவல்துறையின் உரிமம் பெற்றே ஒருவர் துப்பாக்கி வாங்க வேண்டியிருப்பது நல்ல ஏற்பாடே. அச்சட்டத்தின்படி உரிமமின்றி வைத்திருந்தவர்க்குச் சிறையும் அபராதமும் உண்டு, உயிர் போகாது.

தொல்லை வேறிடத்தில் நுழைந்தது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய 4ஆம் விதி அதன் 57ஆம் பிரிவாக மறுபிறவி எடுத்தது. பாதுகாப்புப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடத்தில் முறையற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மரண தண்டனை; மாற்றுத் தண்டனை இல்லை. 1969 மே மாதக் கலவரத்தை அடுத்து அத்தகைய அறிவிப்பு வெளியாயிற்று. காட்டிலிருந்த கொரில்லாவுக்காக வகுத்த விதி நகரத்துக் கொள்ளைக்காரன் மீதும் பாயத் தொடங்கியது. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை மிகுவிக்கும் மற்றொரு சட்டமும் வந்தது. கொள்ளை முதலிய குற்றங்களின்போது கொல்லவோ காயப்படுத்தவோ கருதிச் சுட்டவனுக்கு அதன்படி மரணம். உடனிருந்தவனும் பெரும்பாலும் அதற்குத் தப்ப இயலாது.

இவ்வாறு ஒரே செயலுக்கு மூன்று சட்டங்கள் நின்றன. ஒருவன் கையில் உரிமமற்ற துப்பாக்கி இருந்தது. படைக்கலச் சட்டத்தின்கீழ் அவனைக் கொண்டு சென்றால் சில ஆண்டுச் சிறை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொண்டு சென்றால் நீண்ட சிறையும் பிரம்படியும். பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொண்டு சென்றால் தூக்கு. எதன்கீழ் என்பதைத் தீர்மானிப்பவர் நீதிபதியல்லர். வழக்குத் தொடுக்கும் தலைமை வழக்குரைஞர். இது சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்னும் அரசமைப்பின் 8ஆம் விதிக்கு முரணன்றோ என்று பினாங்கிலிருந்து சென்ற தே செங் போ வழக்கில் வாதிடப்பட்டது. 1978 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. எக்குற்றத்தைச் சாட்டுவது என்பது வழக்குத் தொடுப்பவரின் உரிமையே என்றது. அத்தீர்ப்பை நான் எத்தனை முறை எண்ணினும் மனம் ஒப்புவதில்லை. குற்றஞ்சாட்டும் ஒருவர் தம் அறையில் அமர்ந்து பிரிவு எண்ணை எழுதும்போதே தண்டனையும் எழுதப்பட்டு விடுகிறதென்றால், பின்னர் நிகழும் விசாரணையில் நீதிபதி யாருக்காக அமர்ந்திருக்கிறார்?

அதே தீர்ப்பின் மறுபாதி வேறு விதமாக அமைந்தது. 1975இல் பாதுகாப்பு வழக்குகளுக்கெனத் தனி விசாரணை விதிகள் இயற்றப்பட்டிருந்தன. அவற்றின்படி சாட்சியின் முகம் மறைக்கப்படலாம். சிறுவரும் பெரியவரைப் போலவே விசாரிக்கப்படுவர். நீதிபதி உச்சத் தண்டனையே விதிக்க வேண்டும். 1977இல் பினாங்கில் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இவ்விதிகளால் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடு அதிர்ந்தது. இறுதியில் அவன் மன்னிக்கப்பட்டுச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அதே ஆண்டு வழக்கறிஞர் மன்றம் கூடி, இவ்விதிகளின்கீழ் நடைபெறும் வழக்குகளில் தோன்றுவதில்லை எனத் தீர்மானித்தது. பிரிவி கவுன்சிலோ, நாடாளுமன்றம் மீண்டும் கூடிய பின்னர் இவ்விதிகளை இயற்ற அதிகாரமே இல்லை எனக் கூறி அவற்றைச் செல்லாதாக்கியது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1979 ஜனவரியிலேயே நாடாளுமன்றம் சட்டமியற்றி, செல்லாதென்ற விதிகளைப் பின்னோக்கிச் செல்லுபடியாக்கியது.

57ஆம் பிரிவு கட்டாய மரண தண்டனை விதிப்பதே அரசமைப்புக்கு முரண் என்னும் வாதமும் 1980களின் தொடக்கத்தில் லாவ் கீ ஹூ வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. தண்டனை எது என்பதை வகுப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று அம்மன்றம் அதனைத் தள்ளியது. இந்தியாவில் இதே வாதம் வேறு முடிவைக் கண்டது. தடை செய்யப்பட்ட படைக்கலத்தைப் பயன்படுத்தி அதனால் எவரேனும் இறப்பின் மரண தண்டனையே என்று அந்நாட்டுப் படைக்கலச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு கூறியது. கருதிச் சுட்டதா, தவறிச் சுட்டதா என்னும் வேறுபாடும் அதில் இல்லை. 2012 பிப்ரவரியில் தல்பீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. குற்றத்தின் சூழலையும் குற்றவாளியின் நிலையையும் எடைபோடும் பணியை நீதிமன்றத்திடமிருந்து பறிக்கும் சட்டம் நேர்மையான சட்டமாகாது என்பதே அதன் கருத்து. அவ்வாண்டிலேயே நம் நாட்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் நீக்கப்பட்டது. அதனோடு 57ஆம் பிரிவும் போயிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சி நின்றது. போதைப்பொருள், கொலை வழக்குகளில் எழுந்த மேல்முறையீட்டில் 2020 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுள் எண்மர் கட்டாய மரண தண்டனை அரசமைப்புக்கு உட்பட்டதே என்றனர். மாறுபட்டவர் ஒருவரே, அவர் நளினி பத்மநாதன்.

நீதிமன்றம் மறுத்ததை நாடாளுமன்றமே செய்தது. கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் 2023 ஜூலை 4இல் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனை ஒழியவில்லை. அதன் கட்டாயமே ஒழிந்தது. கொள்ளையின்போது சுட்டவனுக்கு இப்போது மரணமும் விதிக்கப்படலாம்; 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம். எது தகும் என்று நீதிபதி ஆராய வேண்டும்.

கட்டாயத்தை ஆதரிப்போர் மூன்று கூறுவர். அச்சமே குற்றத்தைத் தடுக்கும் என்பது ஒன்று. அது ஓரளவு உண்மையாகலாம்; ஆனால் பிடிபட்டாலும் சுட்டாலும் சாவு ஒன்றே என்று அறிந்தவன் பிடிபடாமலிருக்கச் சுடவே முற்படுவான் என்பதையும் உடன் எண்ண வேண்டும். அனைவர்க்கும் ஒரே தண்டனை என்பதே சமத்துவம் என்பது மற்றொன்று. கும்பல் தலைவனும் அவன் கட்டளைக்கு அஞ்சிப் பையைச் சுமந்த பதினெட்டு வயதினனும் ஒரே கயிற்றில் தொங்குவது சமத்துவம் என்றால், கோவலனும் பொற்கொல்லனும் ஒரே தட்டில் நிற்க வேண்டியதுதான். மூன்றாவது வாதமே வலியது. சட்டம் கடுமையாக இருக்கட்டும்; இரக்கம் காட்ட மன்னிப்பு வாரியம் இருக்கிறதே என்பர். இரக்கம் சென்ற வழியைப் பாருங்கள். 1952இல் கையெறி குண்டு வைத்திருந்ததாக மரண தண்டனை பெற்ற லீ மெங் என்னும் பெண்ணுக்காக உலகப் பத்திரிகைகள் எழுதின. பேராக் சுல்தான் தண்டனையைக் குறைத்தார். பினாங்குச் சிறுவனுக்காக நாடே பேசியது. கணபதிக்காக நேருவின் அரசு பேசியும் நடக்கவில்லை. எவரும் பேசாதவர்க்கு என்ன நேர்ந்தது? குரல் எழுந்த அளவே இரக்கம் கிடைக்கும் என்றால் அது நீதியின் பகுதியாகாது. வள்ளுவர் கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைக் களை பறித்தலுக்கு ஒப்பிட்டவரே. ஆயினும் வேந்தன் முதலில் செய்யவேண்டுவதாக அவர் வைத்தது தக்கவாறு ஆராய்தல்; பின்னரே குற்றத்திற்கு ஒத்த தண்டனை. களை எது, பயிர் எது என்று குனிந்து பார்ப்பவனன்றோ உழவன்?

நம் தோட்டங்கள் இன்று பழைய தோட்டங்களாக இல்லை. நீலாய், லாபு, செண்டாயான் பக்கங்களில் பால்மரம் நின்ற நிலத்தில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. லயத்தை விட்டு வெளியேறியோர் பலர் நகரோரத்து மலிவு அடுக்குமாடிகளில் குடியேறினர். கோயிலும் பந்துத் திடலும் பள்ளியும் சேர்ந்து வளர்த்த பிள்ளைகளை அங்கு எவர் வளர்த்தார் என்பது தனியே எழுத வேண்டிய செய்தி. அவர்களுள் சிலர் குண்டர் கும்பல்களின் கையில் சிக்கியதையும் சில வழக்குகளில் துப்பாக்கி தோன்றியதையும் நாளேடு படிப்போர் அறிவர். அவர்கள் குற்றமற்றவர் என்று நான் வாதிட வரவில்லை. அவர்கள் துப்பாக்கியால் அச்சுறுத்தப்பட்ட கடைக்காரரும் காவலரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற எளியோரே. அவர்களுக்கும் நீதி வேண்டும்.

2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நீதிமன்றத்தில் புதியதொரு வேளை வந்துள்ளது. குற்றம் மெய்ப்பட்ட பின், தண்டனை விதிக்குமுன், குற்றவாளியின் சார்பில் தண்டனைக் குறைப்பு வேண்டிப் பேசலாம். முன்பு கட்டாயத் தண்டனை வழக்குகளில் அப்பேச்சு வீண். இப்போது உயிரைக் காக்கக்கூடியது. அப்போது நீதிபதி கேட்கும் வினாக்கள், பாண்டியன் கேளாது விட்டவையே. இவன் யார்? எங்கே வளர்ந்தான்? அப்பொருள் இவன் கைக்கு எவ்வாறு வந்தது? எவர் கட்டளையின்படி? பெற்றோர் இறந்தோ பிரிந்தோ போன ஒருவனுக்கு, அரசு நியமித்த வழக்கறிஞர் சில மணி நேரத்தில் இவற்றை எங்கிருந்து திரட்டுவார்? பழைய தோட்ட அலுவலகம் மூடப்பட்டுவிட்டது. கிராணி ஓய்வு பெற்றுவிட்டார். அவன் ஆறாண்டுகள் படித்த தமிழ்ப்பள்ளி வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் சேர்க்கைப் பதிவேடும் வருகைப் பதிவேடும் எங்கேனும் ஓர் அலமாரியில் இருக்கும். மூன்றாம் ஆண்டில் ஏன் அவன் பல வாரங்கள் பள்ளிக்கு வரவில்லை என்பது அவனுடைய வகுப்பாசிரியருக்கு நினைவிருக்கலாம். வழக்கறிஞர் வந்து கேட்டால் அவ்வாசிரியர் சிரம்பான் உயர் நீதிமன்றத்துக்குச் சென்று அதனைச் சொல்வாரா, அல்லது குற்றவாளியின் பெயரோடு பள்ளியின் பெயர் சேர்வதை விரும்பாமல் பதிவேட்டை மூடிவைப்பாரா என்பது இனித்தான் தெரிய வேண்டும்.